இடுப்பு மூட்டு நுண்துளை அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வு

ஆர்த்ராஸ்கோப்பி என்பது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் மூட்டுக்குள் செலுத்திச் செய்யும் அறுவை சிகிச்சை முறை. இடுப்பு மூட்டில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் ஊன்றுகோல் நடையிலிருந்து இயல்பான நடைக்கும், பிறகு வேலைக்கும் விளையாட்டுக்கும் படிப்படியாகத் திரும்ப வேண்டும். அதற்கான இயன்முறை மருத்துவப் பயிற்சிகளும் அன்றாடக் கட்டுப்பாடுகளும் சேர்ந்ததே மறுவாழ்வு எனப்படுகிறது. தோலில் தெரிவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அல்லது மூன்று தழும்புகள் மட்டுமே. மருத்துவமனையில் தங்குவதும் ஓரிரு நாள்தான். ஆனால் நன்றாகத் தேறுவதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது. சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. வெளியே தெரியும் காயம் சிறியது, உள்ளே ஆற வேண்டியது பெரியது என்பதை நோயாளியும் வீட்டாரும் உணராமல் போவதால் பல சிக்கல்கள் வருகின்றன.

மருத்துவமனைகளில் தரப்படும் பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய முறைகளைத் தழுவியவை. நாற்காலியில் உட்கார்ந்து, மேற்கத்தியக் கழிப்பறையைப் பயன்படுத்தி, காரில் போய்வருபவரை மனத்தில் வைத்து அவை எழுதப்பட்டுள்ளன. தேனி மாவட்டத்தில் கம்பத்துக்கும் குமுளி மலைச்சாலைக்கும் இடையே உள்ள கூடலூர் போன்ற ஊரில் (நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் வேறு) இடுப்பு மூட்டுக்கு இருக்கும் வேலை அப்படிப்பட்டதன்று. சம்மணமிட்டுச் சாப்பிடுவது, குத்தவைத்து உட்காருவது, சேற்றில் குனிந்து நாற்று நடுவது, ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போவது எல்லாம் இங்கே அன்றாடம். ஆகவே தாளில் உள்ள விதியைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. அது எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்த வாழ்க்கைக்கு ஏற்ப அதைப் பொருத்திக்கொள்ள முடியும்.

எந்த அறுவை சிகிச்சை?

'இடுப்பு ஆபரேஷன்' என்று ஊரில் சொல்லப்படுவது பெரும்பாலும் வேறு இரண்டு சிகிச்சைகளைக் குறிக்கும். ஒன்று, வழுக்கி விழுந்த முதியவருக்கு முறிந்த எலும்பைக் கம்பியோ தகடோ வைத்துச் சேர்ப்பது. மற்றொன்று, தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்துவது. இக்கட்டுரை அவை பற்றியதன்று. ஆர்த்ராஸ்கோப்பி பெரும்பாலும் இளையோருக்கும் நடுவயதினருக்கும், மூட்டு இன்னும் தேய்ந்துவிடாத நிலையில் செய்யப்படுவது. செயற்கை மூட்டு பொருத்தியவருக்கு மூட்டு நழுவிவிடக் கூடாதே என்பது முதல் கவலை. இங்கே தைத்துச் சேர்த்த திசு பிய்ந்துவிடக் கூடாது, உள்ளே ஒட்டுத்தழும்பு உண்டாகிவிடக் கூடாது என்பவையே கவலை. ஆகவே பக்கத்து வீட்டில் மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர் செய்த பயிற்சியைப் பார்த்து இவர் செய்வது பொருந்தாது.

இடுப்பு மூட்டு ஒரு பந்துகிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழிக்குள் சுழல்கிறது. குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்னும் நார்க்குருத்தெலும்பு வளையம் உள்ளது. குக்கர் மூடியின் ரப்பர் வளையம்போல அது மூட்டு நீர் வெளியேறாதபடி அடைத்துப் பிடிக்கிறது. சிலருக்குத் தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு சற்றுப் புடைத்திருக்கும். சிலருக்குக் குழியின் விளிம்பு சற்று நீண்டிருக்கும். அப்படிப்பட்டவர் காலை ஆழமாக மடக்கும்போது எலும்பும் எலும்பும் இடித்து, நடுவில் உள்ள லேப்ரம் நசுங்கிக் கிழிகிறது. தொடை இடுக்கில் வலி, உட்கார்ந்து எழும்போது பிடிப்பு, காலை மடக்கி உள்பக்கம் திருப்பினால் சுரீரென்ற குத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். மூட்டுத் தேய்மானத்துக்கு இந்த இடிப்பு ஒரு காரணமாகலாம் என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸும் குழுவினரும் 2003-இல் விரிவாக எழுதினர். அதன் பிறகே இந்த அறுவை சிகிச்சை உலகெங்கும் பரவியது.

மூட்டுக்குள் கருவியை விட்டுப் பார்க்கும் முயற்சி அதைவிடப் பழையது. டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918-இல் சிறுநீர்ப்பை உள்நோக்கியைக் கொண்டு ஒரு சடலத்தின் முழங்கால் மூட்டைப் பார்த்தார். நியூயார்க்கின் மைக்கேல் பர்மன் 1931-இல் சடலங்களின் பல மூட்டுகளை ஆராய்ந்து எழுதியபோது, இடுப்பு மூட்டின் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஊசி நுழைய வழியில்லை என்று கருதினார். அவர் கருதியதில் தவறில்லை. காலை இழுத்து மூட்டை விலக்காதவரை அங்கே இடமில்லை. இன்று நோயாளியின் காலைச் சிறப்பு மேசையில் பூட்டி இழுத்து, மூட்டை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விலக்கிய பிறகே கருவி உள்ளே செல்கிறது. கிழிந்த லேப்ரத்தை எலும்பில் சிறு ஆணிகள் பதித்து நூலால் தைக்கிறார்கள். புடைத்த எலும்பைச் செதுக்குகிறார்கள். உள்ளே போவதற்காக வெட்டிய மூட்டுறையைப் பல நேரங்களில் மறுபடி தைக்கிறார்கள். குருத்தெலும்பு பெயர்ந்து வெற்றெலும்பு தெரிந்தால், அங்கே நுண்ணிய துளைகள் இட்டுப் புதுத் திசு வளர வழி செய்வதும் உண்டு. இவற்றில் எது எது தமக்குச் செய்யப்பட்டது என்பதை ஒவ்வொரு நோயாளியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்வரும் கால அளவுகள் அதைப் பொறுத்து மாறும். மருத்துவருக்கு மருத்துவரும் சற்று மாறும்.

முதல் மூன்று வாரம்

லேப்ரம் தைத்தவருக்கும் எலும்பு செதுக்கியவருக்கும் பொதுவாக இரண்டு முதல் மூன்று வாரம் இரண்டு ஊன்றுகோல்கள் தேவை. எலும்பில் நுண்துளை இட்டவருக்கு இது ஆறு முதல் எட்டு வாரம். அக்காலத்தில் அறுவை செய்த காலில் சுமார் 10 கிலோ எடைக்கு மேல் இறக்கக் கூடாது என்பது வழக்கமான அறிவுரை. 10 கிலோ என்றால் எவ்வளவு என்று மனத்தால் கணிக்க முடியாது. எடை பார்க்கும் எந்திரத்தின் மேல் அந்தப் பாதத்தை வைத்து, முள் பத்தைத் தொடும்வரை மெல்ல அழுத்திப் பழகினால் கால் அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

'எதற்கு வம்பு' என்று காலைத் தரையிலேயே படவிடாமல் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. பாதுகாப்பாகத் தோன்றினாலும் இது தவறான பழக்கம். காலை அந்தரத்தில் பிடித்திருக்க, இடுப்பின் முன்பக்கம் உள்ள இலியோசோவாஸ் தசை ஓயாமல் வேலை செய்கிறது. அந்தத் தசைநார் அறுவை நடந்த இடத்தை ஒட்டியே செல்வதால் வீங்கி வலிக்கத் தொடங்கும். மூட்டின் மேல் அழுத்தமும் கூடும். பாதம் முழுவதும் தரையில் படியும்படி வைத்து, எடையைக் கைகளில் தாங்குவதே சரியான முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தும் பயிற்சியும் இதே காரணத்துக்காகத் தொடக்கத்தில் தவிர்க்கப்படுகிறது. முழங்கால் வலிக்கு அது எங்கும் சொல்லித்தரப்படும் பயிற்சி என்பதால், வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு அதைச் செய்யச் சொல்வார்கள். சொன்னாலும் செய்யக் கூடாது.

படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அறுவை செய்த காலும் முதலில். லுங்கியோ வேட்டியோ உடுத்துவது காற்சட்டையைவிட எளிது என்றாலும், தழையத் தழைய உடுத்தினால் ஊன்றுகோல் நுனி அதில் மாட்டும். மடித்துக் கட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

எடையைக் கட்டுப்படுத்தும் அதே நாட்களில் மூட்டை அசைக்கவும் வேண்டும். இது பலருக்கு முரணாகத் தோன்றும். அசைக்காமல் வைத்தால் மூட்டுறைக்கும் லேப்ரத்துக்கும் இடையே ஒட்டுத்தழும்பு உண்டாகி, மறுபடி அறுவை செய்து பிரிக்க வேண்டிய நிலைகூட வரலாம். அதற்காகவே முதல் வாரத்திலிருந்து வீட்டில் ஒருவர் செய்துவிடும் பயிற்சி கற்றுத்தரப்படுகிறது. நோயாளி மல்லாந்து படுத்துத் தசைகளை முற்றிலும் தளர்த்திக்கொள்ள வேண்டும். செய்துவிடுபவர் முழங்காலைப் பாதியளவு மடக்கித் தாங்கிப் பிடித்து, தொடையைச் சிறு வட்டமாக ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் சுற்ற வேண்டும். இயன்முறை மருத்துவர் முன்னிலையில் மனைவியோ அண்ணனோ இதை இருமுறை செய்து காட்டிவிட்டு வீடு திரும்புவது நல்லது. தடை போட்ட உடற்பயிற்சி சைக்கிளைப் போல இல்லாமல், எதிர்ப்பு ஏதும் வைக்காத நிலைச் சைக்கிளை உயர்ந்த இருக்கையில் அமர்ந்து மெல்ல மிதிப்பதும் இதற்கே. அது இல்லை என்பதற்காகத் தெருவில் ஓடும் சைக்கிளை எடுப்பது மாற்றாகாது. ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் ஆபத்தே வேறு.

முதல் சில வாரம் தொடையை வயிற்றை நோக்கி 90 பாகைக்கு மேல் மடக்குவதும், காலைப் பின்னுக்கு நீட்டுவதும், பாதம் வெளிப்பக்கம் பார்க்குமாறு திருப்புவதும் கட்டுப்படுத்தப்படுகின்றன. மூட்டுறையைத் தைத்த இடம் முன்பக்கம் இருப்பதால் பின்னுக்கு நீட்டலும் வெளித்திருப்பலும் அந்தத் தையலை இழுக்கும். கூடவே, நாள் முழுவதும் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் இடுப்பின் முன்தசை சுருங்கிவிடாமல் இருக்க, நாளில் சில முறை குப்புறப் படுக்கச் சொல்வார்கள். இதற்குச் சமதளமான கட்டில் வேண்டும். நடுவில் குழியும் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்தால் இடுப்பு ஒழுங்கான நிலையில் இருக்காது. ஒருக்களித்துப் படுப்பதானால் நல்ல பக்கம் கீழே இருக்க, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு தொல்லையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அறுவையின்போது காலை இழுப்பதற்காகத் தொடைகளுக்கு நடுவே ஒரு தாங்குதண்டு வைப்பது வழக்கம். அது நரம்பை அழுத்துவதால் பிறப்புறுப்புப் பகுதியிலோ, வேறு காரணங்களால் தொடையின் வெளிப்பக்கத்திலோ பாதத்திலோ சிலருக்கு மரத்துப்போன உணர்வு இருக்கும். பெரும்பாலும் சில நாளிலோ வாரங்களிலோ சரியாகிவிடும். ஆனாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மனத்துக்குள் புழுங்குவதால் பயன் இல்லை.

தசைக்குள் தேவையற்ற எலும்பு வளர்வதைத் தடுக்க, வலிநிவாரணி வகை மாத்திரை ஒன்றைச் சில வாரம் தொடர்ந்து தருவதுண்டு. வலி குறைந்ததும் இதை நிறுத்திவிடுவது ஒரு தவறு. வலி கூடுகிறதே என்று மருந்துக்கடையில் கேட்டு அதே வகை மாத்திரை இன்னொன்றையும் சேர்த்து விழுங்குவது மற்றொரு தவறு. வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் அது வழி. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, துளையிலிருந்து நீரோ சீழோ கசிந்தாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீக்கம் இரத்தக் கட்டியாக இருக்கலாம் என்பதால் எண்ணெய் தடவி உருவிவிடுவது உயிருக்கே ஆபத்தாகும். மூட்டு 'விலகியிருக்கிறது' என்று சொல்லிக் காலை இழுத்துச் சொடக்கு எடுப்பவரிடம் போவதும் வேண்டாத வேலை.

தரையும் கழிப்பறையும்

கூடலூர் வீடுகளில் உண்மையான சிக்கல் பயிற்சியில் இல்லை; தரையில் இருக்கிறது. இந்தியக் கழிப்பறையில் குத்தவைத்து உட்காரும்போது தொடை வயிற்றை ஒட்டும் அளவுக்கு மடங்குகிறது. லேப்ரம் கிழியக் காரணமான இடிப்பு நிகழும் நிலையே அதுதான். எனவே அறுவைக்கு நாள் குறித்தவுடன் செய்ய வேண்டிய முதல் ஏற்பாடு கழிப்பறைதான். மேற்கத்தியக் கோப்பை கட்ட இயலாதவர்கள், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை இந்தியக் கழிப்பறையின் மேல் வைத்துப் பயன்படுத்தலாம். மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் அது கிடைக்கிறது. கால்கள் ஈரத்தரையில் வழுக்காத ரப்பர் முனை உள்ளதா, உயரம் போதுமா என்று பார்த்து வாங்க வேண்டும். உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்பதே அளவு. இதே அளவுதான் சாப்பிடும் நாற்காலிக்கும், குளியலறை ஸ்டூலுக்கும், படுக்கும் கட்டிலுக்கும். பள்ளமான சோபா தரையைப் போலவே கெடுதல்.

சம்மணமிடும்போது கால் மடங்குவதோடு வெளிப்பக்கமும் திரும்புகிறது. முழங்காலிட்டு ஜெபிப்பதிலும் தொழுகையில் அமர்வதிலும்கூடக் கவனம் வேண்டும். நாற்காலியில் அமர்ந்து தொழுவதற்குப் பள்ளிவாசல்களில் முதியோருக்கு ஏற்கெனவே இடம் உண்டு. சில மாதம் இளைஞர் ஒருவர் அங்கே உட்காருவதில் குறையொன்றும் இல்லை.

பெண்களின் வீட்டுவேலைகளை எந்தப் பயிற்சித் தாளும் பட்டியலிடுவதில்லை. குனிந்து கோலம் போடுவது, கட்டை விளக்குமாற்றால் கூட்டுவது, அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்குவது, துணி துவைக்கும் கல்லருகே குந்துவது ஆகிய ஒவ்வொன்றும் இடுப்பை 90 பாகையைத் தாண்ட வைப்பவை. 'தோட்ட வேலைக்குத்தான் போகவில்லையே, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்ற பேச்சில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை குனிவது கணக்கில் வருவதில்லை. முதல் ஆறு வாரம் இந்த வேலைகளை யார் செய்வது என்பதை அறுவைக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். நின்றபடி மேடையில் சமைப்பதை, ஊன்றுகோலை விட்ட பிறகு சிறிது சிறிதாகத் தொடங்கலாம்.

ஊன்றுகோலை விடும் நாள்

ஊன்றுகோலைக் கைவிடுவதற்கு நாட்காட்டி மட்டும் அளவுகோலன்று. தாங்காமல் நொண்டாமல் நடக்க முடிகிறதா என்பதே கேள்வி. இடுப்பின் பக்கவாட்டில் உள்ள குளூட்டியஸ் மீடியஸ் தசை, ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்கிறது. அறுவைக்குப் பின் இத்தசை சோர்ந்திருக்கும். அது தேறுமுன் ஊன்றுகோலை விட்டால் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு ஒருபக்கம் இறங்கும்; அல்லது உடல் அறுவை செய்த பக்கம் சாய்ந்து ஈடு கட்டும். இப்படிச் சில வாரம் நடந்தால் மூளைக்கு அதுவே இயல்பான நடையாகிவிடும். பிறகு வலி போனாலும் நொண்டல் போகாது. எனவே இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கும்போது, மீதமுள்ள ஊன்றுகோல் நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். வலிக்கும் காலின் பக்கமே பிடிப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும், அது தவறு.

ஏறத்தாழ நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை இந்தத் தசைகளுக்கான பயிற்சி நடக்கிறது. குப்புறப் படுத்துப் பிட்டத் தசையை இறுக்குதல், மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குதல், பக்கவாட்டில் காலை நகர்த்துதல் என்று வரிசை போகும். பயிற்சியால் தசை அலுத்து வலிப்பது இயல்பு. தொடை இடுக்கின் ஆழத்தில் குத்தினாலோ, மறுநாள் காலையிலும் வலி இறங்காமல் இருந்தாலோ அளவு மீறிவிட்டது என்று பொருள். நீருக்குள் நடப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் அது நீச்சல்குளத்து நீர். முல்லைப்பெரியாற்றின் படித்துறையும் வாய்க்கால் சறுக்கலும் இதற்கு ஏற்றவையல்ல. காயம் மூடும்வரை எந்த நீரிலும் இறங்கக் கூடாது.

மூன்றாம் மாதத்தில் ஒற்றைக் கால் பயிற்சிகள், படியிலிருந்து மெல்ல இறங்குதல், எடை தூக்குதல் ஆகியவை சேர்கின்றன. ஓட்டம் பொதுவாக மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகே. கபடி, கால்பந்து போல் திடீரெனத் திரும்பும் விளையாட்டுகளுக்கு அதற்கும் மேல் பொறுக்க வேண்டும். அறுவை செய்த காலின் வலு மற்றக் காலின் வலுவில் பத்தில் ஒன்பது பங்காவது எட்டியிருக்க வேண்டும் என்பது பலரும் ஏற்கும் அளவு.

மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப்போட்டு ஏறுவதில் விரித்தலும் திருப்பலும் சேர்ந்து வருகின்றன. உதைத்து இயக்குவது அதைவிட மோசம். ஊன்றுகோல் தேவைப்படும்வரை வண்டி ஓட்டுவது கூடாது.

எங்கே பயிற்சி பெறுவது?

இடுப்பு மூட்டு ஆர்த்ராஸ்கோப்பியில் பழகிய மருத்துவர்கள் பெருநகரங்களிலேயே மிகுதி. கூடலூர்க்காரர் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போய் அறுவை செய்துகொண்டு ஊர் திரும்புவார். மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். வாரம் இருமுறை அங்கே போய்ப் பயிற்சி எடுப்பது நடக்காத காரியம். பேருந்தில் மூன்று மணிநேரம் மடங்கி உட்காருவதே தேறும் மூட்டுக்குக் கேடு. தேனியிலிருந்து மதுரைக்கு 2022 முதல் அகலப்பாதை ரயில் ஓடுகிறது. பரிசோதனைக்குப் போகும் நாளில் நேரம் ஒத்துவந்தால், இடையிடையே எழுந்து நிற்க வசதியுள்ள ரயிலே மேல்.

அன்றாடப் பயிற்சிக்கு அருகிலுள்ள இயன்முறை மருத்துவரையே நாட வேண்டும். தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். யாரிடம் போனாலும், என்ன தைக்கப்பட்டது, எவ்வளவு எடை, எத்தனை பாகை, எத்தனை வாரம் என்று அறுவை செய்த மருத்துவர் எழுதித் தந்த தாள் கையில் இருக்க வேண்டும். இடுப்பு என்றாலே முறிவும் மூட்டு மாற்றமும்தான் அன்றாடம் வரும் ஊரில், அந்தத் தாள் இல்லாமல் சரியான பயிற்சி கிடைப்பது அரிது.

மறுவாழ்வு மருத்துவத்தில் தமிழகத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அத்துறையைக் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளி எந்த வீட்டுக்குத் திரும்பப்போகிறார் என்று பார்த்துப் பயிற்சி தருவதே அத்துறையின் அடிப்படை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பிரிட்டனின் 23 மருத்துவமனைகளில், இடிப்பு நோயுள்ள 348 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஆர்த்ராஸ்கோப்பி. மற்றவர்களுக்கு அறுவையின்றி, மூன்று முதல் ஆறு மாத இயன்முறைப் பயிற்சி மட்டும். ஓராண்டு கழித்து இரு பிரிவினருமே தேறியிருந்தனர். நூறு மதிப்பெண் கொண்ட அளவுகோலில் அறுவை செய்தவர்கள் சராசரியாக 6.8 கூடுதலாகப் பெற்றிருந்தனர். அறுவைக்குப் பலன் உண்டு. ஆனால் பயிற்சியும் தனியே ஒரு சிகிச்சை. அறுவைக்குச் செலவழித்துவிட்டுப் பயிற்சியை விட்டுவிடுபவர் எதை இழக்கிறார் என்பதை இதிலிருந்து கணக்கிடலாம்.

டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் 2023 ஜூனில் இந்த அறுவை செய்துகொண்டு, 2024 ஜனவரியில்தான் ஒற்றையர் போட்டிக்குத் திரும்பினார். முழுநேரப் பயிற்சியாளர்கள் உடனிருந்த ஒருவருக்கே ஏழு மாதம். ஆண்டி மரேவுக்கு 2018 ஜனவரியில் மெல்போர்னில் அறுவை நடந்தது, ஜூனில் ஆட வந்தார், வலி தீரவில்லை, அடுத்த ஜனவரியில் மூட்டுக்கு உலோக மேற்பரப்பு பொருத்த வேண்டியதாயிற்று. ஏற்கெனவே தேய்ந்த மூட்டில் ஆர்த்ராஸ்கோப்பி அவ்வளவாகப் பயன் தருவதில்லை. எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால், பின்னால் மூட்டு மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவர்கள் அறிந்தது. இதை அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

வேலைக்குத் திரும்புதல்

மேசை வேலை செய்பவர் சில வாரத்தில் திரும்பிவிடலாம், மணிக்கொருமுறை எழுந்து நடந்தால் போதும். உடலுழைப்புக்கு நான்கு முதல் ஆறு மாதம் என்று தாள் சொல்கிறது. நாள்கூலிக்குப் போகும் குடும்பத்தில் இந்த இடைவெளிதான் உண்மையான சுமை. மூன்றாம் வாரம் வலி அடங்கியதும் 'போய்ப் பார்ப்போம்' என்று கிளம்புவது கவனக்குறைவால் மட்டுமன்று. அரிசிக்கும் வட்டிக்கும் பதில் சொல்ல வேண்டியிருப்பதாலும்தான். ஆகவே 'வேலை கூடாது' என்று மொத்தமாகச் சொல்வதைவிட, எந்த வேலை எப்போது என்று பிரித்துச் சொல்வதே இங்கே பயன்படும்.

திராட்சைத் தோட்டம் இருப்பதில் எளியது. பந்தலுக்குக் கீழே நின்றபடி கவாத்து செய்வதும் குலை வெட்டுவதும் இடுப்பை மடக்குவதில்லை. நொண்டாமல் நடப்பவர், கரடுமுரடில்லாத தரையில், இடையிடையே உட்கார்ந்து எழுந்து, மூன்றாம் மாதத்தில் அரைநாள் வேலையாகத் தொடங்க மருத்துவரைக் கேட்கலாம். குலை நிறைந்த பெட்டியைத் தூக்குவது வேறு, அது பின்னால்.

ஏலத்தோட்டம் அப்படியன்று. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தண்டிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. பறிப்பவர் சரிவான, ஈரமான நிலத்தில் செடிக்குச் செடி குந்தி நகர வேண்டும். அதற்கு முன் ஜீப். குமுளி மலைச்சாலையின் வளைவுகளில், முழங்கால் மார்பைத் தொடுமளவுக்கு நெருக்கி உட்கார்ந்து போய், மாலையில் அப்படியே திரும்ப வேண்டும். வேலையைவிடப் பயணமே முதலில் மூட்டைக் கெடுக்கும். ஆறு மாதத்துக்கு முன் இதற்குத் திரும்பாமல் இருப்பது நல்லது. திரும்பும்போது முன்னிருக்கை கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டியதில்லை. முழுக் குந்தல் சிலருக்குக் கடைசிவரை வலியின்றி வருவதில்லை. அவர்கள் சிறு முக்காலி கட்டிக்கொண்டு பறிப்பதோ, காய் உலர்த்தி ரகம் பிரிக்கும் இடத்துக்கு மாற்றிக் கேட்பதோ வழி.

நடவுதான் எல்லாவற்றிலும் கடினம். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் நடக்கிறது. ஜூனில் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் நடவு வேலை ஒன்றாக வந்து குவியும். நடுபவர் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கியபடியே மணிக்கணக்கில் பின்னோக்கி நகர்கிறார். ஒவ்வோர் அடிக்கும் சேறு பாதத்தைப் பிடித்துக்கொள்ள, காலை உருவி எடுப்பது இலியோசோவாஸ் தசைதான். முதல் வாரங்களில் ஊன்றுகோலோடு காலை அந்தரத்தில் தூக்காதே என்று எந்தத் தசைக்காகச் சொன்னார்களோ அதே தசை. அவசரமில்லாத அறுவை என்பதால், இரண்டாம் போக நடவு முடிந்த கையோடு நாள் குறித்துக்கொண்டால் அடுத்த ஜூனுக்குள் ஆறு மாதம் கிடைக்கும். அப்போதும் முதல் நாளே முழுக்கூலிக்கு இறங்காமல், வரப்பில் நின்று நாற்றுமுடி எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, பிறகு ஒரு மணிநேரம், பிறகு அரைநாள் என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். மறுநாள் காலை எழுந்து நடக்கும்போது தொடை இடுக்கில் குத்தல் இருந்தால், முந்தைய நாளின் அளவுக்கே திரும்பி இன்னும் ஒரு வாரம்.